புகைபோக்கிக்குள் எத்தனை பை?

அன்று மத்தியானம் நான் புகைபோக்கிக்குள் திணித்தது மூன்று பைகளா, நான்கு பைகளா?

ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. பாத்திரம் துலக்கும்போதும், ஜோயலுக்குச் சட்டை மாட்டும்போதும் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. பதில்தான் வரவில்லை.

நான் கணிதம் படித்தவள். ஜோயல் கைக்குழந்தையாக இருந்தபோது பால் பவுடரை ஸ்பூன் ஸ்பூனாக எண்ணி, நேரத்தோடு நோட்டில் எழுதி வைத்தவள். எண்ணும்போது யாராவது கூப்பிட்டால், கலந்த பாலைக் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தவள். அப்படிப்பட்டவளுக்கு இந்த ஒரு கணக்கு மட்டும் விட்டுப்போயிற்று.

குவைத்தின் சல்வா புறநகரில் ஒரு பழைய வில்லாவின் கீழ்த்தளத்தில் அப்போது குடியிருந்தோம். ஹாலின் நடுச்சுவரில் வெள்ளை மார்பிள் பதித்த ஒரு கணப்பு இருந்தது. வெளிநாட்டுப் படங்களில் குளிருக்கு விறகு எரிப்பார்களே, அதேதான். எரிகிற புகை மேலே போவதற்குச் சுவருக்குள்ளேயே புகைபோக்கி கட்டியிருந்தார்கள். குவைத்தில் டிசம்பர், ஜனவரி குளிர் நிஜமான குளிர் என்பதால், அந்தக் காலத்தில் கட்டிய சில வீடுகளில் இப்படி உண்டு.

ஆனால் நான் சொல்லும் நாள் கோடை. வெளியே புழுதிக் காற்று. எதிர்வீட்டுச் சுவர்கூடத் தெரியாமல் எல்லாம் மஞ்சளாக இருந்தது. கணப்பின் வாயிலிருந்து, மேலே யாரோ உட்கார்ந்து சலிப்பதைப்போல மெல்லிய மணல் இறங்கிக்கொண்டிருந்தது. கையை நீட்டினால் சூடான மூச்சு ஒன்று பட்டது. ஏசி இரண்டு நாளாக விடாமல் ஓடியும் ஹால் குளிரவில்லை.

ஒன்பது மாதக் குழந்தை ஜோயல் இருமினான். இரண்டு தடவைதான். எனக்கு அது போதும்.

என் கணவர் செல்வின் அஹ்மதி பக்கம் டியூட்டிக்குப் போயிருந்தார். நான் அரிசிப் பைகளை எடுத்தேன்.

பத்துக் கிலோ பாசுமதி வரும் பை. வளைகுடாவில் குடித்தனம் நடத்தியவர்களுக்குத் தெரியும், ஜிப்பும் கைப்பிடியும் வைத்த அந்தப் பையை யாரும் தூக்கிப் போடுவதில்லை. ஊருக்குப் போகும்போது அதில்தான் செருப்புகள் போகும். திரும்பும்போது அதில்தான் கருவாடு வரும்.

ஒன்றில் பழைய போர்வையை அடைத்தேன். ஒன்றில் செல்வினின் கிழிந்த டியூட்டி உடுப்புகள். ஒன்றில் என்னுடைய கர்ப்ப கால நைட்டிகள். இன்னொன்றில் ஜோயலின் பழைய தொட்டில் மெத்தையின் ஸ்பாஞ்சும், அவனுக்குச் சின்னதாகிப்போன கம்பளிச் சட்டைகளும். ஆக, நிரப்பியது நான்கு பை. அதில் சந்தேகமே இல்லை.

கணப்புக்குள் குனிந்து நுழைந்து, உட்கார்ந்து, கையை மேலே நீட்டினால் புகை போகும் வழியை மூடித் திறக்க வைத்த, துருப்பிடித்துத் திறந்தபடியே நின்றுபோன ஓர் இரும்புத் தட்டு தட்டுப்படும். அதற்கும் மேலே பையை ஏற்றித் துடைப்பக் கட்டையால் குத்தித் தள்ளினேன். போர்வைப் பை போயிற்று. உடுப்புப் பை போயிற்று. நைட்டிப் பையும் போயிற்று.

அப்போதுதான் ஜோயல் சத்தம் போட்டான். அழுகை இல்லை, அதுவரை நான் கேட்டிராத சத்தம். தலையை வெளியே நீட்டிப் பார்த்தால், தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். யாரும் தூக்கி நிறுத்தாமல், முதல் தடவையாக.

அவன் முழங்கால் நடுங்கியது ஞாபகம் இருக்கிறது. என் கைக்கரி அவன் தோள்பட்டையில் ஒட்டியது ஞாபகம் இருக்கிறது. போனைத் தேடி ஓடியது, படம் எடுத்தது, செல்வினுக்கு அனுப்பியது எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

நான்காவது பை அப்போது என் கையில் இருந்ததா, தரையில் இருந்ததா, ஏற்கெனவே மேலே போய்விட்டதா என்பது மட்டும் இல்லை.

அடைத்து வைத்த வாழ்க்கை

இதைப் படிக்கும் ஊர்க்காரர்கள், புகைபோக்கியை யாராவது அடைப்பார்களா என்று கேட்கக்கூடும். இங்கே நாங்கள் எதைத்தான் அடைக்கவில்லை?

கல்யாணமாகி வந்த புதிதில் ஃபர்வானியாவில் ஒரே ஒரு அறையில் இருந்தோம். ஜன்னலுக்கு உள்பக்கம் அலுமினியத் தாள் ஒட்டியிருந்தது. எங்களுக்கு முன்னால் இருந்தவர்கள் ஒட்டியது. பகலில் விளக்குப் போட்டுத்தான் இட்லிக்கு மாவு கரைப்பேன். கதவின் கீழே துணிச் சுருள். ஏசியைச் சுற்றிப் பழுப்பு டேப். குளியலறை ஃபேன் ஓட்டையில் பிளாஸ்டிக் மூடி. வெயிலையும் புழுதியையும் வெளியே நிறுத்திவிட்டால் பாதிக் குடித்தனம் முடிந்த மாதிரி.

அங்கே பழகிய கைதான் சல்வாவிலும் வேலை செய்தது. ஓட்டையைக் கண்டால் அடை. அந்த ஓட்டை எதற்காக இருக்கிறது என்று கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் செல்வின் வந்ததும், “ஏட்டி, இன்னைக்கு ஹால் நல்லா குளுகுளுன்னு இருக்கே, ஏசிய யாரும் வந்து பாத்தாங்களா?” என்று கேட்டார். “இல்லையே” என்று சொல்லிவிட்டு, பிள்ளை நின்ற கதையை ஆரம்பித்துவிட்டேன். அதோடு பை விஷயம் முடிந்துபோயிற்று. அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் கணப்பைத் தொடவே இல்லை. தவழ்கிற பிள்ளை இருக்கும் வீட்டில் நெருப்பா என்று நானே தடுத்துவிட்டேன்.

பதினாறு விஷயங்கள்

போன கோடையில் செல்வினுக்கு மங்காஃபில் கம்பெனி வீடு கிடைத்தது. வில்லாவைக் காலி செய்தோம். அடுத்து வரப்போவது ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம் என்றார்கள். சுகந்தி என்ற நர்ஸ், அவள் கணவர், ஐந்து வயதில் ஒரு மகள்.

புதிதாக வருகிறவர்கள் திணறக் கூடாதே என்று ஒரு பட்டியல் எழுதினேன். தண்ணீர் மோட்டார் சுவிட்ச் எங்கே. சமையலறைக் குழாயில் எந்தப் பக்கம் திருப்பினால் சுடுநீர். கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவருக்கு எந்த வாசல். பின்கதவைச் சாத்தும்போது எப்படித் தூக்கிச் சாத்தவேண்டும். பதினாறு விஷயங்கள். கீழே என் போன் நம்பர். ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டு, செல்வினிடம் பெருமையாகக் காட்டினேன்.

“பரீட்சைக்குப் போற பிள்ளைக்குக்கூட இம்புட்டு நோட்ஸ் குடுக்க மாட்டாங்க” என்றார்.

அந்தப் பதினாறில் கணப்பு இல்லை.

சுகந்தியின் போன்

டிசம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

“ஜெனி அக்கா, நான் சுகந்தி. சல்வா வீட்டில இருந்து. ஃபயர்ப்ளேஸைக் கொளுத்தினனாங்கள். புகை மேல போகேல்ல அக்கா, முழுக்க உள்ளுக்குத்தான் வருது. பிள்ளை இருமுறாள். உங்கட லிஸ்ட்டில இதைப் பற்றி ஒண்டும் இல்லையே?”

கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தது தெரியும். என் குரல் மட்டும் யாருடையதோ போலக் கேட்டது.

“முதல்ல பிள்ளையத் தூக்கிட்டு வெளிய போங்க. ஜன்னல், கதவு எல்லாத்தையும் திறந்து விடுங்க. நெருப்ப அணைச்சாச்சா?”

“அணைச்சாச்சு. முத்தத்திலதான் நிக்கிறம்.”

“உள்ள போகாதீங்க. நாங்க இப்பவே வாரோம்.”

அவள் காரணம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

காரில் போகும்போதுதான் செல்வினிடம் சொன்னேன்.

“ஏட்டி, காலி பண்ணும்போது அத எடுக்க வேண்டாமா?”

“நெனப்பே இல்லங்க.”

“பின்கதவ எப்படித் தூக்கணும்னு எழுதுன. இத விட்டுட்டியே.”

திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

நாங்கள் போனபோது சுகந்தி முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் மகள் தமிழினி, போர்வைக்குள் சுருண்டு. குழந்தைக்கு இருமல் நின்றிருந்தது. சுகந்தியே நர்ஸ் என்பதால் எல்லாம் பார்த்துவிட்டாள். “இப்ப சுகம் அக்கா. பயப்பிடாதேங்கோ” என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அந்த நிமிஷமே பையைப் பற்றிச் சொல்லியிருக்கவேண்டும். வீட்டு உரிமையாளர் அபு ஃபஹதுக்குப் போன் செய்தாயிற்று, நாளைக்கு ஆள் வருகிறார் என்று அவள் சொல்லவும், ஆள் வரட்டும் என்று இருந்துவிட்டேன். கணப்பை இனித் தொடவேண்டாம் என்று மட்டும் மூன்று தடவை சொன்னேன்.

சேகர் அண்ணன்

மறுநாள் காலையிலேயே நாங்கள் மறுபடி போனோம். ஷுவைக்கில் உள்ள ஒரு கடையிலிருந்து வந்தவர் ராமநாதபுரத்துக்காரர். சேகர் என்று பெயர். கோடை முழுக்க ஏசிக் காற்று வரும் டக்ட் குழாய்களைச் சுத்தம் செய்கிற வேலை, குளிர் வந்தால் கணப்பும் புகைபோக்கியும். “ஆறு மாசம் குளிர உள்ள அனுப்புறேன், ஆறு மாசம் புகைய வெளிய அனுப்புறேன். அம்புட்டுதான் நம்ம உத்தியோகம்” என்றார்.

பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

“போன கோடையில, அதுக்கு முந்தின கோடையில, இந்த வீட்டுல யாரு இருந்தா?”

“நான்தான் இருந்தேன்” என்றேன். “நான்தான் அடைச்சேன். அரிசிப் பைய வச்சு.”

“நீயா தங்கச்சி? நல்லவேளை வாயத் தொறந்த. பாதிப் பேரு புறா மேல பழியப் போடுவாங்க. புறா எங்கயாவது தலகாணி கொண்டாந்து வைக்குமா?”

அவர் எடுத்த பொருட்களின் கதை அப்படியே ஓடியது. ரஜாய்ப் போர்வை, சோபா மெத்தை, பிரியாணி அண்டாவின் மூடி. ஒரு வீட்டில் படகில் போட்டுக்கொள்கிற மிதவைச் சட்டை. “தூக்கி வெளிய போட்டா, அந்த வீட்டுக்காரரு ரெண்டு வருசமாத் தேடுன சட்டையாம். எனக்குச் சாய் வாங்கிக் குடுத்தாரு.”

செல்வின் சிரித்தார். நான் சுகந்தியைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

“அக்கா, நேற்றே உங்களுக்குத் தெரியுமோ?”

“மறந்துட்டேன் சுகந்தி. போன் பண்ணுனப்போதான் ஞாபகம் வந்தது.”

உண்மைதான். ஆனால் சொல்லும்போதே பொய்போல ஒலித்தது. அவள் மகளின் தலையைத் தடவிக்கொண்டு, “சரி” என்றாள்.

சேகர் அண்ணன் கணப்புக்குள் மல்லாந்து படுத்து, கொக்கி வைத்த கம்பியால் இழுத்தார். முதலில் வந்தது நைட்டிப் பை. அடிப்பக்கம் சுருங்கிக் கருகியிருந்தது. பிறகு உடுப்புப் பை. பிறகு போர்வைப் பை. மூன்றையும் ஒரு செய்தித்தாள் மேல் வரிசையாக வைத்தார்.

“மூணு. அவ்வளவுதானே?”

நான் தலையாட்டினேன்.

ஏன் தலையாட்டினேன்?

ஸ்பாஞ்ச் பையின் ஞாபகம் அப்போது வரவே இல்லை என்று சொல்ல ஆசைதான். வந்தது. ஒரு நொடி வந்து போயிற்று. ஆனால் மூன்று கரிப் பைகள் எதிரே கிடக்கின்றன. சுகந்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள். என் நைட்டியின் பூப்போட்ட துணி ஜிப்புக்கு வெளியே பிதுங்கித் தெரிகிறது. அந்த இடத்தைவிட்டு ஓடினால் போதும் என்றிருந்தது. மூன்று என்றால் முடிந்தது. நான்கு என்றால் இன்னும் நிற்கவேண்டும்.

சேகர் அண்ணன் பிரஷ் வைத்த நீளக் கம்பியைக் கீழிருந்து கூரைவரை ஓட்டினார். இரும்புத் தட்டுக்கு எண்ணெய் போட்டு, ஆடவைத்து, மூடித் திறந்து காட்டினார். செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்திப் பிடித்தார். புகை சரசரவென்று மேலே ஏறிப்போயிற்று.

“கோடையில அடைக்கிறது தப்பில்ல” என்று கிளம்பும்போது சொன்னார். “இந்த ஊருல அடைக்காம முடியாது. ஆனா அடைச்சதுக்கு ஒரு வால் தொங்கணும். செவப்புத் துணி ஒண்ண அதுல கட்டி, கண்ணுக்குத் தெரியிற மாதிரி வெளிய விட்டுறணும். தீக்குச்சியோட குனியிறவன் வாலப் பாத்தா நின்னுருவான்.”

ஒரு முழம் சிவப்புத் துணி. பதினாறு விஷயம் எழுதிய எனக்கு அது தோன்றவில்லை.

ஒரு வாய் சோறு

அடுத்த வெள்ளிக்கிழமை சுகந்தி ஒரு வீடியோ அனுப்பினாள். கணப்பில் நெருப்பு நிதானமாக எரிகிறது. முன்னால் பாயில் தமிழினி. நெருப்பைப் பார்த்தபடியே வாயைத் திறக்கிறாள். சுகந்தியின் கை வந்து சோற்றை வைக்கிறது. மறுபடி திறக்கிறாள்.

கீழே குரல் செய்தி. “அக்கா, பாருங்கோ, ஒரு கோப்பை முழுக்கச் சாப்பிட்டிட்டாள். இதுக்காகத்தான் நான் இந்த வீட்டையே எடுத்தனான். இவள் ஒரு வாய் சாப்பிட ஒரு மணித்தியாலம் எடுப்பாள். போன வருசம் ஆரோ வீட்டில நெருப்பைப் பாத்துக்கொண்டு சாப்பிட்டவள், அதைப் பிடிச்சுக்கொண்டன்.”

சாப்பிடாத பிள்ளையை வளர்ப்பவர்களுக்கு அந்தக் குரல் புரியும். ஜோயல் இப்போது போனைக் காட்டினால்தான் வாய் திறக்கிறான். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னை மன்னித்துவிட்டாள் என்பதும் புரிந்தது.

வீடியோவை மறுபடி போட்டேன். இந்தத் தடவை நான் குழந்தையின் வாயைப் பார்க்கவில்லை. நெருப்புக்கு மேலே இருந்த இருட்டைப் பார்த்தேன்.

அடுத்த வெள்ளியும் வீடியோ வந்தது. அன்று செல்வினிடம் கேட்டேன்.

“ஜோயலோட பழைய மெத்த ஸ்பாஞ்ச ஒரு பையில கட்டியிருந்தேன். அது எங்க போச்சு?”

“பழைய துணியத் தானமாப் போடுற பெட்டி ஒண்ணு பள்ளிவாசல் பக்கம் இருந்ததுல்ல, அதுல ஒரு அரிசிப் பையக் கொண்டுபோய்ப் போட்டேன். அதாத்தான் இருக்கும்.”

“அதுக்குள்ள என்ன இருந்தது?”

“நான் ஜிப்பத் தொறந்தா பாத்தேன்? லேசா இருந்தது.”

“ஸ்பாஞ்ச் லேசாத்தானே இருக்கும்?”

“துணியும் லேசாத்தான் இருக்கும். ஏட்டி, புகை நல்லாப் போகுது, பிள்ள நல்லாச் சாப்பிடுது. நீ எதையாவது நெனச்சுக்கிட்டே இருக்காத.”

அவர் சொல்வது தப்பில்லை. நான் எதையாவது நினைத்துக்கொண்டேதான் இருப்பேன். கதவைப் பூட்டிவிட்டு லிஃப்ட்வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவள். அதனாலேயே என் பயங்களில் எது நிஜம் என்று எனக்கே தெரிவதில்லை.

மறுநாள் காலை சுகந்திக்குப் போன் செய்தேன்.

“சுகந்தி, அன்னைக்கு மூணுன்னு தலையாட்டிட்டேன். நாலாவதா ஒண்ணு இருந்திருக்கலாம்.”

“இருந்திருக்கலாம் எண்டால்? மூண்டோ நாலோ அக்கா? ஒண்டைச் சொல்லுங்கோ.”

“தெரியல.”

அந்தப் பக்கம் தமிழினி ஏதோ கேட்டுக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

“சரி அக்கா” என்றாள் சுகந்தி. “நான் இனிக் கொளுத்தேல்ல.”

கறுப்பாக ஒன்று

சேகர் அண்ணன் மறுபடி வந்தார். இந்த முறை நீளமான வயரின் நுனியில் சின்னக் கேமரா. நானும் சுகந்தியும் அவர் போனைச் சுற்றி நின்றோம்.

புகைபோக்கி நேராக மேலே போகிறது. ஆனால் கணப்பின் வாய்க்கு மேலே, முன்பக்க மார்பிளுக்குப் பின்னால், கட்டியவர்கள் ஒரு பொந்து விட்டிருக்கிறார்கள். நீளக் கம்பி நேராகப் போகும்போது அதைத் தொடாது. கேமரா எட்டிப் பார்க்கத்தான் முடிந்தது, உள்ளே வளையவில்லை. அந்தப் பொந்துக்குள் கறுப்பாக ஒன்று உட்கார்ந்திருந்தது.

“அதுதானா அண்ணே?”

“கரிக்கட்டியா இருக்கலாம். உதுந்த சிமெண்டா இருக்கலாம். இந்த மாதிரிப் பழைய சிம்னி எல்லாத்துலயும் கெடக்கும். ஒன் பையாவும் இருக்கலாம். உள்ள போனா எல்லாமே ஒரே கலருதான்.”

“குத்தி இழுக்க முடியாதா?”

“வளைவுல கொக்கி எறங்கல. தள்ளுனா இன்னும் உள்ள போயிரும். மார்பிளக் கழட்டுனாத்தான் கை போகும்.”

“கழட்டி மாட்ட முடியாதா?”

அவர் கல்லைத் தட்டிப் பார்த்தார். “அந்தக் காலத்து ஒட்டு. முழுசா வராது தங்கச்சி. ஒடஞ்சுதான் வரும்.”

“அது உள்ளயே இருந்துட்டா?”

“கல்லு சிமெண்டுன்னா நூறு வருசம் இருக்கும். ஸ்பாஞ்சுன்னா…” அவர் தமிழினி இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, வயரைச் சுருட்ட ஆரம்பித்தார். “எரிக்காம இருங்க. வாலு ஒண்ணு கட்டிருவோம்.”

கணப்பின் வாயில் ஒரு சிவப்புத் துணி இப்போது தொங்குகிறது.

அபு ஃபஹத்

வீட்டுக்காரர் அபு ஃபஹத் மாடியில் இருக்கிறார். ஐம்பது வயதிருக்கும். குளிர்காலம் வந்தால் வாரக் கடைசியில் குடும்பத்தோடு பாலைவனத்துக் கூடாரத்துக்குப் போய்விடுவார். விஷயம் கேள்விப்பட்டு, அடுத்த வாரம் நான் போயிருந்தபோது கீழே வந்தார். அந்த மார்பிள் அவருடைய தாயார் கடை கடையாக ஏறித் தேர்ந்தெடுத்தது என்று அன்றுதான் தெரிந்தது. கல்லில் ஓடும் சாம்பல் கோடு ஒன்றை விரலால் தொட்டு, அந்தக் கோட்டுக்காகத்தான் அம்மா இதை வாங்கினாள் என்று அரபியும் ஹிந்தியும் ஆங்கிலமும் கலந்து சொன்னார். தாயார் இப்போது இல்லை.

கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. குழந்தைகளின் தாய்மாரை இங்கே பிள்ளையின் பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

“உம் ஜோயல்” என்றார். “தலாத்தா? அர்பஆ?” மூன்று விரலைக் காட்டினார். பிறகு நான்கு.

“சேகர் கேமராவில…” என்று ஆரம்பித்தேன்.

“மாஃபி சேகர். மாஃபி கேமரா. தும் ரக்கா, தும் போலோ.”

சேகர் பேச்சு வேண்டாம், கேமரா வேண்டாம். வைத்தது நீ, சொல்லவேண்டியதும் நீ. நான்கு என்று நான் சொன்னால் அவரே கல்லை உடைக்கச் சொல்லிவிடுவார். மூன்று என்றால் கல் இருக்கும், நெருப்பும் எரியும்.

“கேம்ப் கலாஸ், தென் டெல் மீ. நோ ஜல்தி” என்றார்.

கேம்ப் முடிந்த பிறகு சொல், அவசரமில்லை. மார்ச்சில் கூடாரங்களைப் பிரித்துவிடுவார்கள். அதுவரை எனக்கு அவகாசம் கொடுத்திருக்கிறார். என் ஒரு வார்த்தையை நம்பித் தன் தாயின் கல்லை உடைக்க ஒரு மனிதர் தயாராக இருக்கிறார். அந்த வார்த்தை என்னிடம் இல்லை.

படம்

ஜோயல் முதலில் நின்ற படம் இன்னும் என் போனில் இருக்கிறது. நூறு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன்.

அவன் தோளில் என் கைக்கரி. அவன் பின்னால் கணப்பின் ஓரம். தரையில் துடைப்பக் கட்டையின் நுனி. படத்தின் விளிம்பில், கீழே, வெள்ளையாக ஒரு மூலை தெரிகிறது. அரிசிப் பையின் ஓரமாக இருக்கலாம். அப்படியென்றால் நான்காவது பை அப்போது வெளியேதான் இருந்தது. தரை ஓட்டின் மேல் விழுந்த வெளிச்சமாகவும் இருக்கலாம்.

பையாகவே இருந்தாலும், படம் எடுத்த பிறகு அவனை உட்காரவைத்துவிட்டு நான் போய் அதையும் தள்ளியிருக்கமாட்டேனா? ஆரம்பித்த வேலையைப் பாதியில் விடுகிறவளா நான்? அவன் நின்ற சந்தோஷத்தில் விட்டிருக்கவும் கூடும். சுகந்திக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். அவளும் பெரிதாக்கிப் பார்த்திருப்பாள்போல. சாயங்காலம் பதில் வந்தது. “பிள்ளை வடிவாச் சிரிக்கிறான் அக்கா.” அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

போன வாரம் அங்கே போனேன். தமிழினிக்கு ஹீட்டரைப் போட்டு அதன் முன்னால் உட்காரவைத்திருந்தாள். சிவந்த கம்பியைப் பார்த்து நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, “அம்மா, இது ஆடேல்ல” என்று எழுந்துபோய்விட்டது குழந்தை. சுகந்தி தட்டை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

ஃப்ரிட்ஜில் என் பட்டியல் அப்படியே இருந்தது. பதினாறுக்குக் கீழே சுகந்தியின் கையெழுத்தில் புதிதாக ஒரு வரி. “17. ஃபயர்ப்ளேஸ். ஜெனி அக்கா சொன்ன பிறகு.”

நான் எழுதிவரும் இந்தத் தொடரில் இதுவரை வாசகர்களிடம் எதுவும் கேட்டதில்லை. இன்று கேட்கிறேன். பழைய வில்லாக்களில் குடியிருந்தவர்கள், கணப்பு வேலை தெரிந்தவர்கள், மலையூர்ப் பங்களாக்களில் இதையெல்லாம் பார்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். முன்பக்கக் கல்லை உடைக்காமல், அதன் பின்னால் இருக்கும் பொந்தில் கிடப்பது கரியா, துணியா என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறதா? இருந்தால் மார்ச்சுக்குள் எழுதுங்கள். சேகர் அண்ணனிடம் அப்படியே படித்துக் காட்டுகிறேன்.

வழி இல்லையென்றால் அதையும் எழுதிவிடுங்கள். நான் நான்கு என்று சொல்லிவிடுகிறேன்.